இன்னும் பத்தே நிமிஷம்

விமானம் மேலே போய்விட்டால் கேப்டன் சொல்வதுதான் சட்டம். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அவர் வலது பக்கம் திருப்ப வேண்டும் என்றால் வலது பக்கம்தான். அருகில் இருக்கிற ஏதாவது ஊரில் இறக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் முதலாளியே உள்ளே உட்கார்ந்திருந்தாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் அதே விமானம் மே மாத மத்தியானத்தில், கதவை அடைத்துக்கொண்டு, ஏசி சரியாக ஓடாமல், தரையில் நிற்கும்போது அதே கேப்டனின் சொல்லுக்கு என்ன மதிப்பு? படிக்கட்டு வண்டியை ஓட்டுபவரிடம் அது செல்லுமா? தரைப்பணி ஒப்பந்தக்காரரிடம் செல்லுமா? நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரிடம் செல்லுமா?

என் கட்சி இதுதான். தரையில் நிற்கும் விமானத்துக்குள் மனிதர்கள் வெந்துகொண்டிருந்தால், "இறக்கிவிடுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் கேப்டனுக்கு இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குத் தரையில் இருக்கும் அத்தனை பேரும் கட்டுப்பட வேண்டும். அவர் சொல்லத் தயங்கினால் அவருக்காகச் சொல்ல ஒரு கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அலங்காரம்தான்.

இது என்ன பெரிய பிரச்சினையா என்று கேட்பவர்களுக்கு 2024 கோடையை நினைவுபடுத்துகிறேன். மே 30 அன்று டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போக வேண்டிய ஏர் இந்தியா விமானத்தில் பயணிகளை ஏற்றி உட்கார வைத்தார்கள். குளிரூட்டல் போதவில்லை. சிலர் மயங்கி விழுந்ததாக உடன் பயணித்தவர்கள் எழுதினார்கள். விமானம் கிளம்பும்போது ஒரு நாளுக்கும் மேல் தாமதம் ஆகியிருந்தது. மறுநாள் டிஜிசிஏ அனுப்பிய ஷோ காஸ் நோட்டீஸில் இந்த விமானத்தோடு மே 24 மும்பை–சான் ஃபிரான்சிஸ்கோ விமானமும் சேர்க்கப்பட்டிருந்தது. விமானத்தின் உள்ளே போதிய குளிர்ச்சி இல்லாமல் பயணிகள் அவதிப்பட்டார்கள் என்று கட்டுப்பாட்டு அமைப்பே எழுதியது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 19 அன்று டெல்லி–தர்பங்கா ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம் ஏசி இல்லாமல் உட்கார வைத்ததாகப் பயணிகள் புகார் சொன்னார்கள். கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்த அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஆகஸ்டில், சண்டிகர்–ஜெய்ப்பூர் இண்டிகோ விமானத்தில் இருந்த பஞ்சாப் காங்கிரஸ் தலைவர் அமரிந்தர் சிங் ராஜா வாரிங், ஒன்றரை மணி நேரம் ஏசி இல்லை என்றும், வியர்வையைத் துடைக்க டிஷ்யூ பேப்பர் கொடுத்தார்கள் என்றும் வீடியோவோடு எழுதினார். ஒரு மாநிலக் கட்சித் தலைவருக்கே கிடைத்தது டிஷ்யூ பேப்பர்தான். நமக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மே மாதக் கடைசியில் டெல்லியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முங்கேஷ்பூர் என்ற இடத்தில் இருந்த தானியங்கிக் கருவி 52.9 டிகிரி காட்டியது. நாடே பரபரத்தது. வானிலை ஆய்வு மையம் ஆள் அனுப்பிச் சோதித்து, கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று அறிவித்தது. நல்ல விஷயம், அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அதே ஊரில் கதவு மூடிய விமானத்துக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்பது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் அந்த எண் இல்லாமல் இல்லை. ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானங்களில் கேபினின் வெப்பநிலை விமானியின் திரையிலேயே தெரியும். எண் இருக்கிறது, பார்க்க ஆளும் இருக்கிறார். அந்த எண்ணைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைதான் இல்லை.

ஏன் வேகிறது?

கொஞ்சம் பொறியியல் பேசுவோம், சலிப்பில்லாமல் சொல்லப் பார்க்கிறேன். தரையில் நிற்கும் விமானத்துக்குக் குளிர்ந்த காற்று மூன்று வழிகளில் வரும். ஒன்று, வால் பகுதியில் இருக்கும் ஏபியு என்ற சின்ன எஞ்சின். இரண்டு, விமான நிலையம் குழாய் வழியாகத் தரும் குளிர் காற்று. மூன்று, விமானத்தின் பெரிய எஞ்சின்களையே ஓட விடுவது. ஏபியு ஓட எரிபொருள் செலவாகும். குழாய்க் காற்றுக்கு வசதியும் வேண்டும், காசும் கட்ட வேண்டும். பெரிய எஞ்சினை நின்ற இடத்தில் சும்மா ஓட்ட முடியாது. மூன்றிலும் செலவு உண்டு. செலவு இருக்கிற இடத்தில் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்ற யோசனையும் கூடவே வரும்.

இதில் இன்னொரு விஷயம். ஏபியு பழுதாகிவிட்டால் விமானம் பறக்கவே கூடாது என்று இல்லை. எந்தெந்தக் கருவி வேலை செய்யாமலும் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. ஏபியு அந்தப் பட்டியலில் வரும். பறப்பதைப் பொறுத்தவரை அது நியாயம்தான். மேலே போனால் பெரிய எஞ்சின்கள் காற்றுக் கொடுத்துவிடும். ஆனால் அந்த நியாயம் விமானம் உடனே கிளம்பிவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கிளம்பாவிட்டால் அந்த விமானம் சன்னல் திறக்காத ஒரு தகர டப்பா.

எங்கள் ஊர்க்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துகொள்ளலாம். லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சிறியது. பெரிய ஜெட் வராது, ஏடிஆர் 72 தான் வரும். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விடுவது இதைத்தான். ஏடிஆரில் ஏபியுவே கிடையாது. அதற்குப் பதில் வலப்பக்க எஞ்சினின் விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓட விடுவார்கள். 'ஹோட்டல் மோட்' என்று அதற்குப் பெயர். ஹோட்டல் என்று பெயர் இருக்கிறதே தவிர, கத்திரி வெயிலில் அது எந்த லாட்ஜுக்கும் ஈடாகாது.

இப்போது மனிதக் கணக்குக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 180 பேர் என்றால் 18 கிலோவாட். வீட்டில் மாட்டுகிற ஒன்றரை டன் ஏசி ஒன்று ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான் இழுக்கும். வெயிலை விடுங்கள், சூடான அலுமினியக் கூரையை விடுங்கள். உள்ளே இருப்பவர்களின் உடம்புச் சூட்டை மட்டும் சமாளிக்கவே மூன்று நான்கு ஏசி வேண்டும். வெளியே உடம்பைவிடச் சூடாக இருந்தால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழி வியர்வை. அந்த வியர்வை காய வேண்டும். கதவு மூடிய இடத்தில் 180 பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து காற்றை ஈரமாக்கிவிடும். ஈரக் காற்றில் வியர்வை வழியுமே தவிர காயாது. டெல்லியின் 44 டிகிரியைவிடச் சென்னையின் 38 டிகிரி ஏன் நம்மைப் பிழிகிறது என்பதற்கும் காரணம் இதுதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஆகியோருக்கு இது அசௌகரியம் என்ற சொல்லில் அடங்குகிற விஷயம் இல்லை. 2017 ஜூனில் அமெரிக்காவின் டென்வரில், தரையில் சூடாக நின்ற விமானத்தில் இருந்த ஒரு கைக்குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டி வந்தது. 2023 ஜூலையில் லாஸ் வேகாஸில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் நின்ற டெல்டா விமானத்தில் பயணிகள் மயங்கினார்கள். பணக்கார நாட்டு உடம்பும் அதே உடம்புதான்.

சட்டம் யார் பக்கம்?

"கேப்டனுக்குத்தான் எல்லா அதிகாரமும் இருக்கே, திறக்க வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். காகிதத்தில் இருக்கிறது, உண்மை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், கதவு மூடியதிலிருந்து உள்ளே இருக்கும் எல்லோருடைய பாதுகாப்புக்கும் தலைமை விமானியே பொறுப்பு என்கின்றன. 1963 டோக்கியோ ஒப்பந்தம் வெளிக்கதவுகள் எல்லாம் மூடிய கணத்திலிருந்து கமாண்டருக்கு அதிகாரம் தருகிறது. அதை ஏற்று நம் நாடாளுமன்றம் 1975-ல் தனிச் சட்டமே போட்டது.

ஆனால் அந்த அதிகாரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். பயணி குரலை உயர்த்தினால், பணிப்பெண்ணோடு வாக்குவாதம் செய்தால், கேப்டன் புகார் எழுதலாம். 2017-ல் வந்த விதிப்படி வாய்த்தகராறுக்கு மூன்று மாதம் வரை பறக்கத் தடை, கை வைத்தால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தாக நடந்தால் இரண்டு வருடமும் அதற்கு மேலும். இது வேண்டிய விதிதான். 2024 ஜனவரியில் தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியைப் பயணி ஒருவர் அடித்ததை நாம் பார்த்தோம். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். எனக்குப் புரியாதது வேறு. பயணிமீது பாயும்போது முழுதாக இருக்கிற கேப்டனின் அதிகாரம், பயணிக்காகப் படிக்கட்டு கேட்கும்போது மட்டும் எப்படி விண்ணப்பமாக மாறிவிடுகிறது?

ஏனென்றால் கதவு அவருடையது, படிக்கட்டு அவருடையது இல்லை. பேருந்து அவருடையது இல்லை. விமானம் நிற்கிற இடம் விமான நிலையத்துடையது, பாதுகாப்புச் சோதனை இன்னொரு துறையுடையது. அவர் கையில் முழுதாக இருப்பது ஒன்றுதான், அவசர வெளியேற்றம். சறுக்கு மெத்தையை விரித்து எல்லோரையும் குதிக்கச் சொல்லலாம். அதில் கால் முறியும், முதியவர்கள் விழுவார்கள். புழுக்கத்துக்காக அதைச் செய்யும் விமானி முட்டாள். ஆக, 'பொறுமையாக வேகுங்கள்' என்பதற்கும் 'குதியுங்கள்' என்பதற்கும் நடுவில் இருக்க வேண்டிய எளிய வழி, படிக்கட்டு வைத்து இறக்குவது, அவர் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது.

இரண்டு இரவுகள்

2009 ஆகஸ்ட் 8. ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸ் போன ஒரு சிறிய காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் இடிமழையால் ரோசெஸ்டர் என்ற ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது. உள்ளே 47 பயணிகள். முனையக் கட்டடம் கண்ணுக்கெதிரே. கேப்டன் திரும்பத் திரும்பக் கேட்டும் இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அங்கே தரைப்பணி பார்த்த மெசாபா நிறுவன ஊழியர் சொன்ன காரணம், பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது. அந்தக் காரணமே தவறு. சோதனை முடிந்தவர்கள் காத்திருக்கும் பகுதியில் அவர்களை உட்கார வைத்திருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் இரவு முழுக்க உள்ளேயே இருந்தார்கள். விசாரணையில் கேப்டன்மேல் குற்றமில்லை என்றானது. மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 1,75,000 டாலர் அபராதம். இங்கே கேப்டன் விரும்பினார், முடியவில்லை.

2017 ஜூலை 31. பிரஸ்ஸல்ஸிலிருந்து மாண்ட்ரியல் போன ஏர் டிரான்சாட் விமானம் வானிலையால் ஒட்டாவாவில் இறங்கியது. அங்கேயும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஏசி நின்றது, தண்ணீர் தீர்ந்தது. கடைசியில் ஒரு பயணி 911-ஐ அழைத்தார், அவசர உதவிக் குழு விமானத்துக்குள் ஏறியது. இங்கே கேப்டனின் கையை யாரும் கட்டவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றே விமானக் குழு நம்பிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. அந்த அரை மணி நேரம் முடிந்ததும் இன்னொரு அரை மணி நேரம். கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2,95,000 டாலர் அபராதம் போட்டது.

இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிறது. ரோசெஸ்டரில் குறைந்தது அதிகாரம், ஒட்டாவாவில் குறைந்தது கடிகாரம். 'கேப்டன் முடிவு செய்வார்' என்று சொல்லிவிட்டு நிறுவனம் கையைக் கழுவ முடியாது. கேப்டனும் மனிதர். கிளம்பும் வரிசையில் தன் இடம் போய்விடும் என்ற பயம், தன் பணி நேரம் முடிந்துவிடும் என்ற பயம், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் அழைப்பு, எல்லாம் அவர் தலையில். அந்த நிலையில் 'இன்னும் பத்தே நிமிஷம்' என்பது அவர் சொல்லும் பொய் இல்லை, அவரே நம்பும் நம்பிக்கை. பொய்யைவிட அதுதான் ஆபத்து.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு சர்வர் இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு நேரம் என்று ஒரு வரம்பு வைத்தே ஆக வேண்டும். டைம்அவுட் என்போம். அது இல்லாவிட்டால் 'இதோ பதில் வந்துவிடும்' என்று காத்துக் காத்தே மொத்த அமைப்பும் உறைந்து நிற்கும். அந்த வரம்பைப் பிரச்சினை நடக்கும்போது யோசித்து முடிவெடுக்க மாட்டோம். அமைதியாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவோம். ஒரு ஆன்லைன் கடையின் கூடைக்கு நாங்கள் வைக்கிற டைம்அவுட்டை 180 உயிருள்ள விமானத்துக்கு வைக்கக் கூடாதா?

அமெரிக்கா வைத்தது. ரோசெஸ்டர் மாதிரியான சம்பவங்களுக்குப் பிறகு, 2010 ஏப்ரல் 29 முதல் உள்நாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேர வரம்பு வந்தது. அதற்குள் இறங்க வாய்ப்புத் தர வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் உணவும் தண்ணீரும் தர வேண்டும். மீறினால் ஒரு பயணிக்கு 27,500 டாலர் வரை அபராதம். விதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் மூன்று மணி நேரத்தைத் தாண்டிய சம்பவங்கள் 693. பிந்தைய பன்னிரண்டு மாதங்களில் 20. இதற்கு விலையே இல்லையா என்றால், இருந்தது. விதிக்குப் பின் விமானங்கள் ரத்தாகும் வாய்ப்பு கூடியது என்று அந்நாட்டின் அரசுத் தணிக்கை அமைப்பே 2011-ல் எழுதியது. அந்த விலையை மறைக்காமல் சொல்லிவிட்டே கேட்கிறேன். ரத்தான விமானத்தின் பயணி கோபத்தோடு வீட்டுக்குப் போவார். வெந்த விமானத்தின் பயணி எங்கே போவார்? கனடாவும் 2019-ல் வரம்பு வைத்தது. காற்றோட்டமும் குளிர்ச்சியும் அங்கே எழுதப்பட்ட கடமை.

நம் ஊரில்

2024 ஜனவரியில் கோவாவிலிருந்து டெல்லி போன இண்டிகோ விமானம் பனிமூட்டத்தால் மும்பைக்குத் திருப்பப்பட்டது. சலித்துப்போன பயணிகள் இறங்கி, விமானத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே வாரத்தில் அபராதங்கள் பறந்தன. இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாய், மும்பை விமான நிலையத்துக்கு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 90 லட்சம். விமானம் ஓடும் இடத்தில் ஜனங்கள் உட்காருவது ஆபத்துதான், அபராதம் சரிதான். ஆனால் நாலு மாதம் கழித்து உள்ளே பூட்டப்பட்டு மயங்கியவர்களுக்காக உடனே வந்தது ஒரு நோட்டீஸ். வெளியே உட்கார்ந்த பயணி நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினை, உள்ளே மயங்கிய பயணி வாடிக்கையாளர் சேவைப் பிரச்சினை. இந்தப் பார்வையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

அந்த ஜனவரிக் குழப்பத்திலிருந்து ஒரு நல்லதும் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு நீண்ட தாமதமானால் பயணிகள் புறப்பாட்டு வாசல் வழியாகவே முனையத்துக்குத் திரும்பலாம் என்று விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2024 மார்ச் இறுதியில் வழிகாட்டுதல் தந்தது. அதாவது ரோசெஸ்டர் ஊழியர் சொன்ன சாக்குக்கு இங்கே இனி இடமில்லை. ஆனால் இறக்குவதா வேண்டாமா என்று யார் முடிவெடுப்பது? விமான நிறுவனமும் பாதுகாப்பு அமைப்புகளும் என்றார்கள். உள்ளே உட்கார்ந்து அந்தச் சூட்டை அனுபவிக்கிற, பொறுப்பு முழுதும் சுமக்கிற கேப்டனின் பெயர் அந்த வாக்கியத்தில் இல்லை.

இங்கே இரண்டு ஆட்சேபணைகள் வரும். முதலாவது நம் நண்பர்களிடமிருந்தே வரும். "ஏசி இல்லாம ஒரு மணி நேரம் உட்கார முடியாதா? அன்ரிசர்வ்டு பெட்டியில போறவன் மனுஷன் இல்லையா?" மனுஷன்தான். அவனுக்காகவும் எழுத வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். நெல்லித்தோப்புக்குப் பக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி ஈசிஆர் வழியாகச் சென்னைக்குப் போகிறீர்கள். மரக்காணம் தாண்டி பஸ் நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்? இறங்குவீர்கள். மர நிழலில் நிற்பீர்கள், நுங்கு விற்றால் வாங்கிச் சாப்பிடுவீர்கள், கண்டக்டரை நாலு வார்த்தை திட்டுவீர்கள். இறங்காதே என்று சொல்ல எந்த கண்டக்டருக்கும் அதிகாரம் இல்லை. ரயிலிலும் அப்படித்தான், குறைந்தபட்சம் சன்னலாவது திறக்கும். இறங்கினால் குற்றம், கத்தினால் குற்றம் என்று சட்டமே உங்களைப் பூட்டி வைக்கிற பொது வாகனம் விமானம் மட்டும்தான். பூட்டுகிறவன் பூட்டப்பட்டவனின் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும். இது பணக்காரர் பிரச்சினையும் இல்லை. 2025 ஜூனில் துபாயிலிருந்து ஜெய்ப்பூர் வரவேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஏசி இல்லாமல் மணிக்கணக்கில் தவித்ததாகப் பயணிகள் சொன்னார்களே, அந்த மாதிரி வளைகுடா விமானங்களில் வருகிறவர்கள் யார்? இரண்டு வருடம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்.

இரண்டாவது ஆட்சேபணை தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வரும். கேப்டனுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் ஆளுக்கு ஆள் இறக்கிவிட்டு மொத்த அட்டவணையும் கெட்டுப்போகும் என்பார்கள். அதற்குத்தான் எண்ணைக் கேட்கிறேன். கேபின் இத்தனை டிகிரியை இத்தனை நிமிடத்துக்கு மேல் தாண்டினால் என்று ஒரு வரம்பு இருந்தால் அது யாருடைய மனநிலையையும் சார்ந்தது இல்லை. அமெரிக்க விமானப் பணியாளர் சங்கம் 2018-ல் இதே மாதிரி வெப்ப வரம்பு கேட்டு மனுக் கொடுத்தது. கேட்டவர்கள் பயணிகள் இல்லை, தினமும் அந்தச் சூட்டில் புன்னகையோடு நிற்க வேண்டியவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே டிஜிசிஏவிடம் கேட்க வேண்டியது நான்கு விஷயங்கள்தான். கேபின் வெப்பத்துக்கு ஒரு எண். காத்திருப்புக்கு ஒரு கடிகாரம், கதவு மூடிய நிமிடத்திலிருந்து ஓடுவதாக. கேப்டன் கேட்டால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் படிக்கட்டும் பேருந்தும் வந்தே தீர வேண்டும் என்று விமான நிலையத்துக்கும் தரைப்பணி நிறுவனத்துக்கும் ஒரு கட்டளை, தவறினால் அபராதம். இறக்கிவிட்ட கேப்டனிடம் நிறுவனம் விளக்கம் கேட்டுத் தொல்லை தரக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு. நேரம் தவறாமல் கிளம்பிய விமானங்களின் சதவீதத்தை மாதாமாதம் வெளியிடுகிற அமைப்புக்கு, கதவு மூடிய விமானங்கள் எத்தனை நிமிடம் எத்தனை டிகிரியில் நின்றன என்று வெளியிடுவது பெரிய வேலை இல்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அப்படி மாட்டிக்கொண்டால் கத்தாதீர்கள், விமானப் பணிப்பெண்ணைத் திட்டாதீர்கள், அவரும் வெந்துகொண்டுதான் இருக்கிறார். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போ உள்ளே எத்தனை டிகிரி? கேப்டன்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" பதிலையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இறங்கியதும் எழுத்தில் புகார் கொடுங்கள். பத்து நிமிஷம் என்பது நம்பிக்கை, அதை எதிர்த்து வாதாட முடியாது. டிகிரி என்பது எண். அது ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.